குவார்ட்டெட் என்றால் ஏன் நான்கு பேர்?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். மேற்கத்திய செவ்வியல் இசையில் ஸ்ட்ரிங் குவார்ட்டெட், ஜாஸில் குவார்ட்டெட், அமெரிக்காவில் பார்பர்ஷாப் குவார்ட்டெட், கோஸ்பல் குவார்ட்டெட், ராக் இசையில் பீட்டில்ஸ் என்று எங்கே பார்த்தாலும் நான்கு பேராக நிற்கிறார்களே, இந்த நான்கில் என்ன விசேஷம் என்று கேட்கிறீர்கள். நம் கச்சேரி மேடையில் பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று நான்கு பேர் உட்கார்ந்தால் அதையும் குவார்ட்டெட் என்று சொல்லலாமா என்பது இரண்டாவது. எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்பது மூன்றாவது. இவற்றுக்கு அடியில் இருக்கும் கேள்வி வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது: பெயரைத் தவிர இந்தக் குழுக்களுக்குள் பொதுவான பொருள் ஏதாவது உண்டா? உண்டு என்பது என் பதில். அந்தப் பொருள், நீங்கள் அநேகமாக இதுவரை கவனிக்காத ஓர் ஆளிடம் இருக்கிறது.

நான் பேசுவது எந்த இடத்திலிருந்து என்று சொல்லிவிடுகிறேன். சிறுவயதில் கர்நாடக வயலின் கற்றேன், பிறகு மேற்கத்திய முறைக்கு வந்தேன். 20 ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையில் நண்பர்களோடு ஒரு ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில் வயோலா வாசிக்கிறேன், பிள்ளைகளுக்குக் கற்றும் தருகிறேன். எனவே ஸ்ட்ரிங் குவார்ட்டெட் பற்றி நான் சொல்வது கையால் அறிந்தது. ஜாஸ் எனக்குக் கேட்ட பழக்கம்தான். பார்பர்ஷாப்பும் கோஸ்பலும் பதிவுகளில் கேட்டும் படித்தும் தெரிந்தவை, அவற்றில் நின்று பாடியதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால ஒத்திகையில் எனக்குத் தோளில் வலி. வில்லைத் தூக்க முடியவில்லை. மற்ற மூவரும் வந்துவிட்டார்கள், திருப்பி அனுப்ப மனமில்லை. "நீங்கள் வாசியுங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன்" என்றேன். 18ஆம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் மெதுவான பகுதி ஒன்றை எடுத்தார்கள். முதல் வயலினில் மெட்டு முழுதாக இருந்தது. செல்லோவில் அடித்தளம் முழுதாக இருந்தது. இரண்டாம் வயலின் தன் பங்கைத் தவறின்றி வாசித்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, பந்தல் போட்டுக் கால்களும் நட்டு மேலே கீற்று வேயாமல் விட்டதுபோல் இருந்தது. எது சந்தோஷம், எது துக்கம் என்றே பிடிபடவில்லை, ஏனென்றால் அந்த இடத்தில் மேஜரா மைனரா என்று தீர்மானிக்கும் சுரம் வயோலாவின் கையில் இருந்தது. அத்தனை வருடம் என் பங்கை உள்ளிருந்தே கேட்டிருக்கிறேன். அது இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்பதை அன்றுதான் வெளியிலிருந்து கேட்டேன். குவார்ட்டெட் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மாலைதான்.

ஏன் நான்கு என்பதற்கு உறுதியாகச் சொல்லக்கூடிய காரணம் ஒன்று, அது ஒலி சார்ந்தது. மேற்கத்திய இசையில் ஒரே நேரத்தில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதை ஹார்மனி என்கிறார்கள். அதன் அடிப்படை அலகு மூன்று சுரங்கள் கொண்ட கார்ட்: நம் கணக்கில் ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம். மூன்று பேர் போதும்போல் தோன்றும். ஆனால் அடுத்த கார்டுக்கு நகர வேண்டும் என்ற தவிப்பைத் தரும் சேர்க்கைக்கு நிஷாதமும் வேண்டும், அப்போது சுரங்கள் நான்காகின்றன. மூன்று பேர் என்றால் எதையாவது விட்டுவிட வேண்டும். நான்கு பேர் என்றால் முழுதாகச் சொல்லலாம். மூன்று சுரக் கார்டிலோ நான்காமவர் ஒரு சுரத்தை இன்னொரு ஸ்தாயியில் இரட்டித்து உறுதி சேர்க்கலாம். 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தேவாலய இசையிலேயே, மூன்று குரல்களுக்குக் கீழே ஒரு நான்காம் குரல் வந்து நிலைபெற்றுவிட்டது. சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று இன்று சர்ச் பாடகர் குழுக்களில் பிரிக்கிறார்களே, அது அந்த வழியில் வந்ததுதான். மனிதக் காதால் ஒரே நேரத்தில் மூன்று நான்கு இழைகளுக்கு மேல் தனித்தனியாகப் பின்தொடர முடியாது என்பதை இன்னொரு காரணமாகப் பலர் சொல்வார்கள். என் அனுபவமும் அப்படித்தான், ஐந்தாவது கருவி சேர்ந்தால் யாரோ ஒருவர் கூட்டத்தில் கரைந்துவிடுகிறார். ஆனால் முதல் காரணத்துக்குக் கொடுக்கும் உறுதியை இதற்கு நான் கொடுக்கமாட்டேன், கேட்பவரின் பயிற்சியைப் பொறுத்து இது மாறும்.

ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்பது இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. "ஹைடன் கண்டுபிடித்தார்" என்று எல்லா அறிமுக நூல்களும் எழுதும். அவருக்கு முன்பும் அவர் காலத்திலும் மற்றவர்கள் நான்கு தந்தி வாத்தியங்களுக்கு எழுதியிருக்கிறார்கள், ஆகவே "கண்டுபிடித்தார்" என்பது கொஞ்சம் மிகை. அவர் அதை ஒரு வடிவமாக ஆக்கினார் என்பது சரி. தொடக்கம் மிகச் சாதாரணமானது. ஃபுர்ன்பெர்க் என்ற பிரபு ஆஸ்திரியாவில் வைன்ட்சியர்ல் என்ற இடத்திலிருந்த தன் மாளிகைக்கு இளைஞர் ஹைடனை அழைத்தார். அங்கே வாசிக்கத் தெரிந்தவர்கள் பிரபுவின் பாதிரியார், பண்ணை நிர்வாகி, ஒரு செல்லோக்காரர், அவர்களோடு ஹைடன். இந்த நால்வரும் வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி பிரபு கேட்டார், அவர் எழுதினார். ஹைடனுக்கு அப்போது 18 வயது என்று அவருடைய முதல் வாழ்க்கை வரலாற்றாளர்களில் ஒருவரான கிரீசிங்கர் எழுதியதை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை, 1750களின் நடுப்பகுதி என்பதே பொருத்தம் என்கிறார்கள். வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர் என்பதால் நான்கு பேருக்கு எழுதினார் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

அப்படித் தொடங்கியதை ஹைடன் வாழ்நாள் முழுவதும் விடவில்லை. பொதுவாக எண்ணப்படும் கணக்கில் 68 குவார்ட்டெட்டுகள். 1772இல் வந்த ஓபஸ் 20 (ஓபஸ் என்பது படைப்பு வரிசை எண்), 1781இல் வந்த ஓபஸ் 33 ஆகிய தொகுப்புகளில்தான், முதல் வயலின் பாட மற்றவர்கள் துணை நிற்பது என்ற ஏற்பாடு உடைகிறது. ஒரு சிறு சொற்றொடரை முதல் வயலின் சொல்லும், செல்லோ அதையே திருப்பிக் கேட்கும், வயோலா பாதியில் பிடுங்கிக்கொள்ளும். நான்கு அறிவாளிகள் தங்களுக்குள் உரையாடுவதைக் கேட்பதுபோல் இருக்கிறது என்று ஜெர்மானியக் கவிஞர் கதே 1829இல் தன் நண்பர் செல்டருக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். ஒத்திகை அறையில் நாங்களும் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம், "இங்கே நீ கேள்வி கேட்கிறாய், நான் பதில் சொல்கிறேன், அதனால் நீ வாக்கியத்தை முடிக்காதே" என்று. கையசைத்து இசையை நடத்தும் கண்டக்டர் கிடையாது. எடுப்புக்கு மூச்சுதான் அடையாளம். முதல் வயலின்காரர் மூக்கால் மூச்சை இழுக்கும் சத்தத்திலேயே வேகம் என்ன, எவ்வளவு மென்மை என்று மூவருக்கும் தெரிந்துவிட வேண்டும்.

மொத்சார்ட் ஹைடனின் ஓபஸ் 33ஐப் படித்துவிட்டு ஆறு குவார்ட்டெட்டுகள் எழுதி 1785இல் அவருக்கே சமர்ப்பித்தார். அவற்றில் கடைசியான கே. 465ஐ (கே. என்பது மொத்சார்ட் படைப்புகளின் பட்டியல் எண்) "டிசோனன்ஸ்", அதாவது சுர முரண், என்பார்கள். அதன் முதல் சில வினாடிகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை அங்கே திறந்தே கிடக்கிறது. செல்லோ தாழ்ந்த ஸ்தாயியில் சி என்ற சுரத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்கிறது. அதை ஷட்ஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயோலா அதன்மேல் சுத்த தைவதத்தில் வந்து அமர்கிறது. அடுத்து இரண்டாம் வயலின் சாதாரண காந்தாரம். இதுவரை ஒரு சோகமான, ஆனால் ஒழுங்கான அடுக்கு. வயோலா பஞ்சமத்துக்கு இறங்குகிறது, அந்தச் சுத்த தைவதம் இன்னும் காதை விட்டுப் போகாத நேரத்தில், முதல் வயலின் மேலே சதுச்ருதி தைவதத்தில் நுழைகிறது. ஒரே தைவதத்தின் இரண்டு நிலைகள் அடுத்தடுத்து மோதுகின்றன. கர்நாடக இசையில் பழகிய காதுக்கு இது எவ்வளவு திடுக்கிட வைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதன்முறை வாசித்தபோது நான் தவறாகப் பிடித்துவிட்டேன் என்றே நினைத்து விரலை எடுத்துவிட்டேன். நால்வரில் ஒருவரை எடுத்துவிட்டாலும் அந்த மோதல் நடக்காது. மொத்சார்ட் குவார்ட்டெட் வாசிக்கும்போது விரும்பி எடுத்துக்கொண்டது வயோலாவைத்தான். நடுவில் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் கேட்க விரும்பியவர் எழுதிய இசை இது என்று வாசிக்கும்போது தெரியும்.

வயோலாவைப் பற்றி ஒரு வார்த்தை, பலருக்கு அது பெரிய வயலின் என்ற அளவில்தான் தெரியும். வயலினைவிட ஐந்து சுரம் கீழே சுருதி சேர்க்கப்படுவது, செல்லோ அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. அந்தத் தாழ்ந்த சுருதிக்கு வயலினின் விகிதத்தில் உடல் செய்ய வேண்டுமானால் சுமார் 53 சென்டிமீட்டர் நீளம் வேண்டும், அதைத் தோளில் வைத்து யாரும் வாசிக்க முடியாது. எனவே 40, 42 சென்டிமீட்டரில் நிறுத்திக்கொள்கிறார்கள். தேவையைவிடச் சிறிய பெட்டிக்குள் அடைபட்டிருப்பதால்தான் அதற்கு அந்தப் புகை படிந்த, கம்மிய குரல். அந்தக் குரல் மேலே மிதக்காது, அடியிலும் நிற்காது. இரண்டையும் ஒட்டவைக்கும்.

இதே ஆளைப் பார்பர்ஷாப்பில் தேடுங்கள், உடனே கிடைத்துவிடுவார். அங்கே நான்கு ஆண்கள், வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடுவார்கள் (இப்போது பெண்கள் குழுக்களும் ஏராளம்). மெட்டைப் பாடுபவர் "லீட்". அவருக்கு மேலே மெல்லிய குரலில் டெனர், அடியில் பாஸ். நான்காமவர் பாரிடோன். மற்ற மூவரும் தங்களுக்குரிய சுரங்களை எடுத்துக்கொண்ட பிறகு, கார்ட் முழுமையாக எந்தச் சுரம் மீதி இருக்கிறதோ அதை அவர் பாட வேண்டும். அதனால் அவருடைய பங்கு லீடுக்கு மேலேயும் கீழேயும் தாவிக்கொண்டே இருக்கும். தனியாகப் பாடிக் கேட்டால் அது ஒரு பாட்டாகவே தெரியாது. அவர் சுருதி விலகினால் கார்ட் சரிந்துவிடும்.

பார்பர்ஷாப் பாடகர்கள் "ரிங்" என்று ஒன்றைச் சொல்வார்கள்: நால்வரும் துல்லியமாகச் சேர்ந்துவிட்டால், யாரும் பாடாத ஐந்தாவது குரல் ஒன்று மேலே மணிபோல ஒலிக்கும். இதில் மாயம் எதுவும் இல்லை, தம்புரா மீட்டியவர்களுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம். மந்தரத் தந்தியை மட்டும் மீட்டினாலே அந்தர காந்தாரம் தானாகக் காதில் விழும் அல்லவா? ஒரு சுரத்தோடு அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன, ஐந்தாவது மடங்கில் கிடைப்பது அந்தக் காந்தாரம். பார்பர்ஷாப்பில் அவர்கள் மிகவும் நேசிக்கும் நான்கு சுரக் கார்டை 4:5:6:7 என்ற விகிதத்தில் பிடிக்கிறார்கள். ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், அதன்மேல் பியானோவில் கிடைப்பதைவிடச் சற்றுத் தாழ்ந்த கைசிகி நிஷாதம். அந்த நிஷாதம் பியானோவின் சுரத்தைவிட ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாழ்வு. கட்டை போட்ட வாத்தியத்தில் அது வரவே வராது, குரலால் மட்டும் தேடிப் பிடிக்க வேண்டும். இதைக் கேட்கும்போதெல்லாம், சுருதியின் அருமை தெரிந்த மனிதர்கள் உலகின் இன்னொரு மூலையிலும் இதற்காகவே மெனக்கெடுகிறார்கள் என்று எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இந்த இசையின் வரலாற்றில் ஒரு கசப்பு உண்டு, அதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது. வெள்ளைக்கார முடிதிருத்தகங்களில் கோடுபோட்ட சட்டைக்காரர்கள் பாடி வளர்த்தது என்ற படம்தான் நெடுங்காலம் நிலவியது. லின் ஆபட் 1992இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, இது கறுப்பின மக்களிடையே தெருமுனைகளிலும் முடிதிருத்தகங்களிலும் செழித்த பாட்டுமுறை என்பது பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. பின்னாளில் ஜாஸ் மேதையான லூயி ஆம்ஸ்ட்ராங் சிறுவனாக நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் இப்படி ஒரு நால்வர் குழுவில் பாடித்தான் காசு சேர்த்தார். 1938இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் இந்தப் பாட்டைக் காக்க ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. 1941இல் நியூயார்க் போட்டியில் வென்ற கிராண்ட் சென்ட்ரல் ரெட் கேப்ஸ் என்ற குழுவைத் தேசியப் போட்டியில் பாட அந்தச் சங்கம் அனுமதிக்கவில்லை. ரயில் நிலையத்தில் சுமை தூக்கிய கறுப்பினத்தவர் அவர்கள். அதைக் கண்டித்து நியூயார்க்கின் முன்னாள் ஆளுநர் ஆல் ஸ்மித் சங்கத்திலிருந்து விலகினார். தடை 1963 வரை நீடித்தது. யாரிடமிருந்து வந்த இசையோ அவர்களையே வாசலில் நிறுத்திய காலம் அது.

கோஸ்பல், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் கிறிஸ்தவ பக்திப் பாட்டு, அதன் குவார்ட்டெட் உங்கள் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து திறக்கிறது. 1934இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் பள்ளி மாணவர்கள் தொடங்கிய கோல்டன் கேட் குவார்ட்டெட்டில் நான்கு பேர். ஆனால் புகழ்பெற்ற சோல் ஸ்டிரர்ஸ் குழுவில் ஐந்து பேர், அவர்களையும் குவார்ட்டெட் என்றே எல்லோரும் அழைத்தார்கள். காரணம் எளிது. அவர்களுடைய லீட் பாடகர் ஆர். எச். ஹாரிஸ் மனம்போல விரித்துப் பாட விரும்பினார். அவர் தாளத்துக்கு முன்னும் பின்னும் போகும்போது கீழே நான்கு குரல் அடுக்கு சிதையக் கூடாது. எனவே இரண்டாவது லீட் ஒருவரைச் சேர்த்துக்கொண்டார்கள், ஒருவர் பறக்கும்போது மற்றவர் அடுக்கில் நிற்பார். பின்னால் சாம் குக் ஹாரிஸின் இடத்துக்கு வந்தார். இங்கே "குவார்ட்டெட்" என்ற சொல் தலைகளை எண்ணவில்லை, நான்கு வேலைகளைத்தான் எண்ணுகிறது. எனக்கு இதுவே உங்கள் கேள்விக்கான நேரான பதில்.

ஜாஸில் நான்கு என்பது ஹார்மனியின் தேவையால் வந்தது என்று சொல்ல முடியாது. பியானோக்காரர் ஒருவரே பத்து விரல்களால் கார்டுகளைக் கொடுத்துவிடுவார். அங்கே வழக்கமான ஏற்பாடு, மெட்டுக்கு ஓர் ஊதுவாத்தியம், பிறகு பியானோ, பாஸ், டிரம்ஸ். 1936இல் பென்னி குட்மன் அமைத்த குவார்ட்டெட்டில் பாஸ் வாத்தியமே கிடையாது. கிளாரினெட்டில் அவர், பியானோவில் டெடி வில்சன், வைப்ரஃபோனில் லயனல் ஹாம்ப்டன், டிரம்ஸில் ஜீன் குருபா. வில்சனின் இடது கையே பாஸ் வேலையைப் பார்த்தது. கறுப்பினத்தவர் இருவரும் வெள்ளையர் இருவரும் ஒரே மேடையில் அமர்ந்து வாசித்தது அன்றைய அமெரிக்காவில் பெரிய துணிச்சல். 1952இல் ஜெரி மலிகனும் செட் பேக்கரும் பியானோவை நீக்கிவிட்டு ஒரு குவார்ட்டெட் நடத்தினார்கள். அது ஏன் நேர்ந்தது என்பதற்குப் பல கதைகள் உலவுகின்றன. எது சரியோ, கேட்டால் ஒன்று புரியும்: பாஸும் இரண்டு ஊதுவாத்தியங்களும் தொட்டுவிட்டுப் போகும் சுரங்களை வைத்துக் காது தானே கார்டை நிரப்பிக்கொள்கிறது.

பெரிய ஜாஸ் வாத்தியக் குழுக்கள் சுருங்கி நான்கைந்து பேர் குழுக்கள் பெருகியதற்குப் பொருளாதாரமும் காரணம். 1944இல் அமெரிக்க அரசு நடன விடுதிகள்மேல் 30 விழுக்காடு வரி போட்டது, பிறகு 20 ஆகக் குறைத்தது. வரி போட்டது உண்மை. ஜாஸின் போக்கை அது எந்த அளவுக்கு மாற்றியது என்பது வாதத்துக்குரியது. போரும் பயணச் செலவும் மாறிய ரசனையும் சேர்ந்தே அதைச் செய்தன என்பது என் எண்ணம்.

ஜாஸிலும் அந்த நடு ஆளைக் கேட்க வேண்டுமா? டேவ் புரூபெக் குவார்ட்டெட்டின் "டேக் ஃபைவ்" எடுத்துக்கொள்ளுங்கள், 1959இல் வந்தது, எழுதியவர் அந்தக் குழுவின் சாக்சஃபோன்காரர் பால் டெஸ்மண்ட். ஐந்து எண்ணிக்கை, கண்டம் என்று கையில் போட்டுவிடலாம். டிரம்ஸ்காரர் ஜோ மொரெல்லோ தனியாக வாசிக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். புரூபெக் தன் பியானோவில் அதே சிறு சொற்றொடரை விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார். தனி ஆவர்த்தனத்தின்போது பாடகர் கை தாளத்தை விடாமல் போடுவாரே, அதே வேலை. குழுவின் தலைவர், தன் பெயரைத் தாங்கிய குழுவில், அடுத்தவருக்காகத் தாளம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மொரெல்லோ எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வர இடம் இருப்பது அதனால்தான். இந்தக் குழு 1958இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து வாசித்திருக்கிறது.

பீட்டில்ஸ் பற்றி நீங்கள் கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு கிட்டார், பாஸ், டிரம்ஸ் என்ற ஏற்பாடு ராக் இசையில் பரவ அவர்கள் பெரிய காரணம், ஆனால் அங்கே நான்கு என்பது மாற்ற முடியாத விதி கிடையாது. மூன்று பேரும் ஐந்து பேரும் சமமாகவே சாதித்திருக்கிறார்கள். 1965இல் வந்த "யெஸ்டர்டே" பாட்டில் பீட்டில்ஸ் நால்வரில் பால் மெக்கார்ட்னி மட்டுமே இருக்கிறார், உடன் வாசிப்பது ஒரு ஸ்ட்ரிங் குவார்ட்டெட். இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், மாணவர்கள் அடிக்கடி கேட்பது: "பியானோ குவார்ட்டெட்" என்றால் நான்கு பியானோ கிடையாது. பியானோவோடு ஒரு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. சாக்சஃபோன் குவார்ட்டெட்டில் மட்டும் நால்வரும் சாக்சஃபோன்தான், நான்கு அளவுகளில்.

நம் கச்சேரிக்கு வருவோம். பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்ற மேடையை நான் குவார்ட்டெட் என்று சொல்லமாட்டேன். அது குறைவு என்பதால் இல்லை, அதன் கட்டமைப்பு வேறு. அங்கே ஒருவர் தலைமை ஏற்று என்ன ராகம், எவ்வளவு நேரம் என்று அந்தக் கணத்தில் தீர்மானிக்கிறார், மற்றவர்கள் அவரைத் தொடர்ந்து போஷிக்கிறார்கள். பின்னால் தம்புரா இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. வேலைப் பங்கீட்டைப் பார்த்தால் எனக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிவது பெரிய மேளம். நாகஸ்வரம், தவில், ஒத்து, தாளம் ஆகிய நான்கும் நான்கு தனி வேலைகள், ஒன்றின் வேலையை இன்னொன்று செய்ய முடியாது. பாட்டே இல்லாமல் ஒரே சுருதியை மணிக்கணக்கில் மூச்சு விடாமல் பிடித்த ஒத்துக்காரரை யாரும் பெயர் சொல்லி நினைவு வைத்ததில்லை. பல இடங்களில் இன்று அவர் இடத்தில் சுருதிப் பெட்டி இருக்கிறது. அவருடைய உழைப்பை எண்ணும்போது எனக்கு மனம் கனக்கிறது.

இணையத்தில் தேடினால் "தஞ்சாவூர் குவார்ட்டெட்" என்றும் வரும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது தஞ்சை நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற உடன்பிறந்தவர்கள், முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்கள். பரதநாட்டியக் கச்சேரிக்கு அலாரிப்பு முதல் தில்லானா வரை வரிசை அமைத்துத் தந்தவர்கள். அவர்களில் வடிவேலு வயலினைக் கர்நாடக இசையில் வேரூன்றச் செய்தவர்களில் ஒருவர், 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்த வயலின் தந்தத்தால் செய்தது. வாசிக்கும் குழு என்ற பொருளில் குவார்ட்டெட் தேடினால், 1990களில் சென்னையில் வி. எஸ். நரசிம்மன் தொடங்கிய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டைக் கேளுங்கள். கீர்த்தனைகளின் மெட்டை அப்படியே வைத்து, கீழே மூன்று வாத்தியங்களுக்கும் ஹார்மனி எழுதியிருப்பார். இது எவ்வளவு கடினம் என்று வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கார்ட் நிலைக்க வேண்டுமானால் சுரம் ஓர் இடத்தில் நிற்க வேண்டும், கமகமோ சுரத்தை நிற்க விடாது. தோடியின் காந்தாரத்துக்கு அடியில் வயோலா எந்தச் சுரத்தைப் பிடிப்பது? நானும் பல நாள் முயன்று தோற்றிருக்கிறேன்.

வைன்ட்சியர்லில் இருந்த நான்கு பேரைப்போலவே, கிடைத்தவர்களுக்காக எழுதப்பட்ட இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1940இல் ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியான பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான், கெர்லிட்ஸ் நகரத்து முகாமில் ஒரு வயலின்காரரையும், ஒரு கிளாரினெட்காரரையும், ஒரு செல்லோக்காரரையும் உடன்கைதிகளாகப் பெற்றிருந்தார். அவர்களோடு தானும் பியானோவில் அமர்ந்து வாசிக்க "காலத்தின் முடிவுக்கான குவார்ட்டெட்" எழுதினார். 1941 ஜனவரி 15 அன்று, கடும் குளிரில், கைதிகள் முன்னால் அரங்கேற்றம். செல்லோவில் மூன்று தந்திகள்தான் இருந்தன என்று மெசியான் பிற்காலத்தில் சொல்லிவந்தார். வாசித்த எத்தியென் பாஸ்கியே நான்கும் இருந்தன என்று மறுத்திருக்கிறார். நான் செல்லோக்காரரை நம்புகிறேன். வாத்தியத்தில் எத்தனை தந்தி இருந்தது என்று வாசித்தவனுக்கு மறக்காது.

நான்கு பேர் என்பதற்கு இன்னொரு பொருளை அமடியஸ் குவார்ட்டெட் காட்டியது. நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவிலிருந்து வந்த மூன்று யூத இளைஞர்கள், இங்கிலாந்தில் அயல்நாட்டவரை அடைத்துவைத்த முகாம்களில் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். பிறகு ஓர் ஆங்கிலேயச் செல்லோக்காரர் சேர்ந்தார். 1947 முதல் 40 ஆண்டுகள் ஆள் மாறவே இல்லை. 1987இல் பீட்டர் ஷிட்லோஃப் இறந்தார். வேறொருவரைத் தேடாமல் மற்ற மூவரும் குழுவை அன்றோடு கலைத்துவிட்டார்கள். அவர் வாசித்தது வயோலா. எல்லாக் குழுக்களும் இப்படி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1917இல் தொடங்கிய புடாபெஸ்ட் குவார்ட்டெட்டில் ஒவ்வொருவராக மாறி, கடைசியில் ஹங்கேரியர் ஒருவர்கூட இல்லாமல் நால்வரும் ரஷ்யர்களாகிவிட்டார்கள், இசை தரம் குறையவில்லை.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள். பெத்தோவனின் கடைசிக் குவார்ட்டெட்டுகளைப் பலர் கைகாட்டுவார்கள். அவற்றைவிடப் பெரிய இசையை நான் அறியேன், ஆனால் முதல் வாசலாக அவற்றைத் தரமாட்டேன். செக் இசையமைப்பாளர் ஸ்மெடனா 1876இல் எழுதிய "என் வாழ்க்கையிலிருந்து" குவார்ட்டெட்டை எடுங்கள். தொடக்கத்திலேயே மற்றவர்கள் பின்னணியில் இருக்க, வயோலா தனியாகப் பேசத் தொடங்கும், தேட வேண்டிய வேலையே இல்லை. 1878இல் பிராகில் ஒரு வீட்டில் இதை முதன்முதலாக வாசித்துப் பார்த்தபோது வயோலாவைப் பிடித்திருந்தவர் இன்னொரு செக் இசையமைப்பாளரான துவோர்ஷாக். நான்காம் பகுதியில் ஆட்டம்போல ஓடிக்கொண்டிருக்கும் இசை சட்டென்று நிற்கும். முதல் வயலினில் காதைத் துளைக்கும் ஓர் உச்ச சுரம் நீளமாக ஒலிக்கும். 1874இல் தன் செவித்திறன் போகும் முன் ஸ்மெடனாவின் காதுக்குள் கேட்ட இரைச்சல் அது. அந்தச் சுரத்தைக் கேட்கும்போது மேலே போகாதீர்கள், அதன் அடியில் நடுங்கிக்கொண்டிருக்கும் மூன்று வாத்தியங்களைக் கேளுங்கள்.

முதல் முறை கேட்கும்போது மெட்டோடு போங்கள். இரண்டாம் முறை, தொடக்கத்தில் பேசிய அந்த வயோலாவை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போக முடிகிறதா என்று பாருங்கள். நடுவில் பல இடங்களில் தொலைத்துவிடுவீர்கள். எந்த நிமிடத்தில் தொலைத்தீர்கள் என்று குறித்து இங்கே எழுதுங்கள், அந்த இடத்தில் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று இசைக்குறிப்பைப் பார்த்து, வாசித்தும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.